இருமுறை நூற்று அறுபத்திரண்டு

எண்களை மட்டும் கொண்டு வரலாற்றை எழுதிவிட முடியாது என்ற கொள்கையுடையவர்கள் நாம். ஆயினும் சில வேளைகளில் ஓர் எண் நம் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரராகப் புகழின் உச்சியைத் தொட்டுப் பின்னர்ப் பயிற்றுநராகவும் விளங்கிய பில் ரஸ்ஸலின் ஆட்டக் கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அத்தகையதோர் எண் கண்ணில் பட்டது.

1966 முதல் 1969 வரை மூன்று பருவங்கள் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு அவர் பயிற்றுநராக இருந்தார். அக்காலத்தில், வாகையர் பட்டத்துக்கான சுற்றுகளை நீக்கிப் பார்த்தால், அவ்வணி பெற்ற வெற்றிகள் 162, தோல்விகள் 83. பின்னர், 1973 முதல் 1977 வரை நான்கு பருவங்கள் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். அங்கு வெற்றிகள் 162, தோல்விகள் 166. வெற்றிகள் ஒன்றுகூடக் குறையவில்லை, மிகவுமில்லை. தோல்விகளோ சரியாக இருமடங்கு.

கல்வெட்டுகளில் இப்படியோர் ஒற்றுமை எதிர்ப்பட்டால், படியெடுத்தவர் கை தவறிவிட்டதோ என்றே முதலில் ஐயுறுவோம். ஆகவே பருவம் பருவமாக மீண்டும் கூட்டிப் பார்த்தோம். பாஸ்டனில் 60, 54, 48. சியாட்டிலில் 36, 43, 43, 40. கூட்டலில் பிழையில்லை.

ஒரே மனிதர். ஆட்டத்தைப் பற்றிய அறிவு ஏறியிருக்குமேயன்றிக் குறைந்திருக்க வழியில்லை. பிறகு ஏன் தோல்வி இரட்டித்தது? பாஸ்டனில் அவர் பயிற்றுநராக மட்டும் இருக்கவில்லை. ஆட்டக்காரராகவும் களத்தில் நின்றார். சியாட்டிலில் கோட்டுக்கு வெளியே, நாற்காலியில் அமர்ந்திருந்தார். இவ்வளவுதானா விடை? கற்பிக்கும் தொழிலில் இருபதாண்டுகளாக உழல்பவர்கள் ஆதலால் இந்த வினா நம்மை எளிதில் விடவில்லை.

பில் ரஸ்ஸல் 1934ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் லூசியானா மாநிலத்தின் மன்றோ நகரில் பிறந்தவர். கறுப்பின மக்களைச் சட்டமே ஒதுக்கி வைத்திருந்த தென்மாநிலம் அது. எரிபொருள் நிலையமொன்றில் வெள்ளையர்களுக்கெல்லாம் ஊற்றி முடிக்கும்வரை காக்க வைக்கப்பட்ட அவருடைய தந்தை, பொறுமையிழந்து வண்டியைத் திருப்ப முயன்றபோது, பணியாள் துப்பாக்கியை நீட்டி மிரட்டினான். நல்லதோர் உடையணிந்து தெருவில் நடந்த தாயை, வெள்ளைக்காரிபோல் உடுத்தியிருக்கிறாய், வீட்டுக்குப் போய்க் கழற்று என்று காவலர் ஒருவர் விரட்டினார். இவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் வளர்ந்த சிறுவனை அழைத்துக்கொண்டு குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகருக்குப் பெயர்ந்தது. அங்கே பன்னிரண்டாம் வயதில் தாயையும் இழந்தார்.

பிற்காலத்தில் பதினொரு வாகையர் பட்டங்களை வென்ற இந்த மனிதர், பள்ளி நாள்களில் அணியில் இடம்பெறுவதற்கே தகுதியற்றவராகக் கருதப்பட்டார் என்பதை நம்புவது கடினம். மெக்ளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் இளையோர் அணியில் பதினாறாவது ஆளாக அவரை ஜார்ஜ் பவுல்ஸ் என்ற வெள்ளைக்காரப் பயிற்றுநர் சேர்த்துக்கொண்டார். சீருடைகளோ பதினைந்துதான் இருந்தன. ரஸ்ஸலும் இன்னொரு சிறுவனும் ஒரே சீருடையை மாற்றி மாற்றி அணிந்துகொண்டனர். பவுல்ஸ் அன்று அவரைக் கழித்து விட்டிருந்தால் இக்கட்டுரைக்குப் பொருளே இராது.

அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட முறைதான் நம் வினாவுக்கு முதல் திறவுகோல். பள்ளி முடித்தபின் இளைஞர் அணியொன்றுடன் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று ஆடினார். அப்பயணத்தில், தம்மினும் திறமையுள்ள தோழர் ஒருவர் செய்யும் அசைவைக் கண்ணால் பதித்துக்கொள்வாராம். இருக்கையில் சாய்ந்து கண்களை மூடி, அந்த அசைவை மனத்திரையில் மீண்டும் மீண்டும் ஓட்டுவாராம். பிறகு தோழரின் உருவத்தை நீக்கிவிட்டுத் தம் உருவத்தை அங்கே நிறுத்துவாராம். பின்னர் ஒரு படி மேலே போய், அந்த அசைவைத் தடுக்கும் எதிரசைவையும், கண்ணாடியில் தெரியும் உருவம்போல, மனத்திலேயே ஆடிப் பார்த்தார். 1979இல் டெய்லர் பிராஞ்சுடன் இணைந்து எழுதிய 'செகண்ட் விண்ட்' என்னும் நூலில் இதனை அவரே விவரித்திருக்கிறார். எவரும் சொல்லிக்கொடுத்து வந்த வித்தையன்று அது. அகத்தே கண்டு, அகத்தே பயின்று, புறத்தே நிகழ்த்தியது. இத்தகைய அறிவை உடையவர் அதனைப் பிறருக்கு எவ்வாறு எடுத்துரைப்பார் என்ற வினாவை இங்கேயே குறித்து வைத்துக்கொள்வோம்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அறைத்தோழராக வாய்த்தவர் கே. சி. ஜோன்ஸ். இருவரும் இரவெல்லாம் கூடைப்பந்தை வடிவக் கணிதமாக்கிப் பேசியிருக்கிறார்கள். பந்து எந்தக் கோணத்தில் எறியப்பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும், எதிராளி எந்த இடத்திலிருந்து எறிய விரும்புவான், அவனை எப்படி அடுத்த இடத்துக்குத் தள்ளுவது என்பனவே பேச்சு. 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்பல்கலைக்கழகம் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. 1956ஆம் ஆண்டு இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வென்ற அமெரிக்க அணிக்கு ரஸ்ஸல் தலைமை தாங்கினார். அதை முடித்துக்கொண்டு டிசம்பரில் பாஸ்டன் வந்து சேர்ந்தார்.

பாஸ்டனில் பயிற்றுநராக இருந்தவர் ரெட் ஆவர்பாக். சுருட்டும் கோபமுமாக வலம்வந்த யூதர். ஆள்களை எடைபோடுவதில் நிகரற்றவர். எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் ஆகிய இரண்டு சிறந்த ஆட்டக்காரர்களைச் செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, இன்னும் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிராத ரஸ்ஸலை வாங்கினார் அவர். செல்டிக்ஸ் அணி 1957இல் பட்டம் வென்றது. 1959 முதல் 1966 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து வென்றது. 1968, 1969 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. ஆக, பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்கள். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் இதற்கு இணை தேடுவது வீண்வேலை.

அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஆட்டத்துக்குச் சராசரி 15.1 புள்ளிகள் எடுத்தார். அது நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவருக்கு அவ்வளவு பெரிய கணக்கன்று. வளையத்தில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பாய்ந்து கைப்பற்றுவதில் - ரீபவுண்ட் என்பது அதன் பெயர் - மொத்தம் 21,620 முறை, ஆட்டத்துக்குச் சராசரி 22.5 முறை. இது பெரிய கணக்குதான். ஆனால் அவருடைய உண்மையான வித்தை எதிராளி எறியும் பந்தை அந்தரத்தில் தடுப்பது. மற்றவர்கள் பந்தை ஓங்கி அறைந்து பார்வையாளர்கள் நடுவே தள்ளுவார்கள், கைதட்டல் கிடைக்கும், பந்து மீண்டும் எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் அதனைத் தட்டித் தம் தோழர் கைக்கே அனுப்பிவிடுவார். ஒரு நொடியில் தற்காப்பு தாக்குதலாகிவிடும். அதனினும் முதன்மையானது, அவர் தடுக்காத பந்துகள். எப்போது தடுப்பாரோ என்ற அச்சத்தாலேயே எதிராளி தனக்குப் பழகாத இடத்திலிருந்து, பழகாத கோணத்தில் எறிந்து தவறவிடுவான்.

வேடிக்கை என்னவென்றால், என்.பி.ஏ. தடுப்புகளை முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். அவர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் கழித்து. சியாட்டிலில் பயிற்றுநராக நாற்காலியில் அமர்ந்த அதே பருவத்தில். எனவே, எந்தச் செயலால் அவர் ரஸ்ஸல் ஆனாரோ, அந்தச் செயலுக்குச் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு கோடுகூட இல்லை. ஆவணங்களை நம்பி வரலாறு எழுதும் நம்மைப் போன்றோர் இதனை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

வெற்றிகளுக்கு நடுவிலும் பாஸ்டன் அவருக்கு இனிய ஊராக இருக்கவில்லை. பட்டம் மேல் பட்டம் வென்ற அணியின் பல ஆட்டங்களுக்கு அரங்கம் நிரம்பவில்லை. 1961இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு விடுதியின் சிற்றுண்டிச் சாலையில் உணவு மறுக்கப்பட்டது. ரஸ்ஸலும் தோழர்களும் ஆடாமலே விமானம் ஏறினர். பாஸ்டனை அடுத்த ரெடிங் என்னும் ஊரில் அவர் குடியிருந்த வீட்டை ஒருமுறை உடைத்துப் புகுந்தவர்கள், சுவரில் இனவசைகளை எழுதி, கோப்பைகளை நொறுக்கி, படுக்கையில் மலங்கழித்துவிட்டுச் சென்றனர். எவருக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை அவர் விட்டொழித்ததையும், ரசிகர்களிடம் இறுகிய முகத்தோடு இருந்ததையும் செருக்கு என எழுதியவர் பலர். அந்தப் படுக்கையைக் கண்டவரிடம் வேறெதை எதிர்பார்த்தார்களோ, நாமறியோம்.

1966ஆம் ஆண்டு ஆவர்பாக் பயிற்றுநர் பதவியை விட்டு மேலாளராக மட்டும் இருப்பதென முடிவு செய்தார். அணியின் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்து அவர்கள் மறுத்தபின், பொறுப்பு ரஸ்ஸலிடம் வந்தது. அறிவிப்பு வெளியான நேரம் ஆவர்பாக்கின் தந்திரத்துக்கு நல்ல சான்று. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் பாஸ்டன் தோற்றது. மறுநாள், ஏப்ரல் 18 அன்று, அடுத்த பயிற்றுநர் ரஸ்ஸல் என அறிவித்தார். செய்தித்தாள்களில் லேக்கர்ஸின் வெற்றி பின்தள்ளப்பட்டது. பாஸ்டன் அந்தச் சுற்றையும் வென்றது.

'முதல்வர்' என்ற பட்டம் சூட்டும்போது எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டின் முதல் கறுப்பினப் பயிற்றுநர் ரஸ்ஸல் என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. கால்பந்தில் ஃபிரிட்ஸ் பொல்லார்ட் 1921இலேயே ஏக்ரன் அணியின் பயிற்சிப் பொறுப்பைப் பகிர்ந்திருக்கிறார். கூடைப்பந்தில், என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக எழுந்து விரைவில் மறைந்த சங்கமொன்றில், ஜான் மெக்லெண்டன் 1961இல் கிளீவ்லாந்து அணிக்குப் பயிற்றுநரானார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினப் பயிற்றுநர் என்பதே ரஸ்ஸலுக்குப் பொருந்தும் அடைமொழி. அதன் பெருமை இந்தத் திருத்தத்தால் சிறிதும் குறைவதில்லை.

செய்தியாளர் கூட்டத்தில் அவரிடம் கேட்கப்பட்ட வினாவை நினைவுகூர்வோம். வெள்ளை ஆட்டக்காரர்களிடம் பாகுபாடின்றி நடந்துகொள்ள முடியுமா என்பது வினா. முடியும் என்றார், ஆட்டத்தில் ஒருவரை அவருடைய திறமைக்காகவே மதிக்கிறோம் என்று விளக்கமும் கூறினார். அதற்கு முன் இருபதாண்டுகளாக அச்சங்கத்தில் பயிற்றுநர்களாக இருந்த வெள்ளையர் எவரிடமும் இவ்வினாவின் மறுதலை கேட்கப்பட்டதாக நாம் எங்கும் படித்ததில்லை.

முதல் பருவம் இடறலோடு தொடங்கியது. உதவிப் பயிற்றுநர் கிடையாது. களத்தில் நின்று எதிராளியோடு மல்லுக்கட்டும் வேளையிலேயே யாரை வெளியே அழைப்பது, யாரை உள்ளே அனுப்புவது என்றும் எண்ணியாக வேண்டும். எதிர்ப்பட்ட பிலடெல்பியா அணியோ வில்ட் சேம்பர்லினைத் தூணாகக் கொண்டு அப்பருவத்தில் 68 வெற்றி, 13 தோல்வி என்று நின்ற அணி. அது பாஸ்டனை நான்குக்கு ஒன்று என வீழ்த்தியது. பிலடெல்பியா ரசிகர்கள், பாஸ்டன் செத்தது, பாஸ்டன் செத்தது என்று முழங்கினர். எட்டாண்டு ஆட்சி முடிந்தது. ரஸ்ஸல் எதிரணியின் அறைக்குச் சென்று சேம்பர்லினின் கையைப் பற்றி வாழ்த்தினார்.

அந்தத் தோல்வியை அடுத்து நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. லூசியானாவிலிருந்து வந்த தம் பாட்டனாரை அணியின் உடைமாற்றும் அறைக்கு ரஸ்ஸல் அழைத்துச் சென்றார். அங்கே வெள்ளையரான ஜான் ஹாவ்லிசெக்கும் கறுப்பினத்தவரான சாம் ஜோன்ஸும் அருகருகே நின்று, ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தனர். கிழவர் திடீரென அழத் தொடங்கினார். என்னவென்று பேரன் பதறிக் கேட்க, இப்படியொன்றைக் காண்போமென்று எண்ணியதே இல்லை, அதற்குத் தலைவனாக நீ இருக்கிறாயே என்றாராம். தோற்ற அணியின் அறையில் சிந்தப்பட்ட கண்ணீர் அது.

இரண்டாம் பருவத்தில் ரஸ்ஸல் தம்மைத் திருத்திக்கொண்டார். எல்லாவற்றையும் தாமே சுமக்க முடியாதென உணர்ந்து, ஹாவ்லிசெக், சாம் ஜோன்ஸ் போன்ற மூத்தவர்களின் யோசனையை நாடினார். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் பிலடெல்பியாவில் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். ஆடுவதா வேண்டாவா என்று இரண்டு அணிகளும் தடுமாறின, இறுதியில் ஆடினர். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது பாஸ்டன் ஒன்றுக்கு மூன்று எனப் பின்தங்கியிருந்தது. அந்நிலையிலிருந்து மீண்ட அணி அதுவரை என்.பி.ஏ. வரலாற்றில் இல்லை. பாஸ்டன் மீண்டது. ஏழாம் ஆட்டத்தைப் பிலடெல்பியாவிலேயே 100-96 என வென்று, அடுத்து லேக்கர்ஸையும் நான்குக்கு இரண்டு எனத் தோற்கடித்துப் பட்டத்தைக் கைப்பற்றியது. என்.பி.ஏ.வில் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பயிற்றுநர் என்ற சிறப்பும் அவருக்காயிற்று.

மூன்றாம் பருவம்தான் நம் கருத்தில் அவருடைய தலைசிறந்த செயல். அவருக்கு வயது முப்பத்தைந்து; சாம் ஜோன்ஸ் ஓய்வை அறிவித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார். 48 வெற்றி, 34 தோல்வியோடு கிழக்குப் பிரிவில் நான்காம் இடம் பெற்றுத் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த அணி, பிலடெல்பியாவையும் நியூயார்க்கையும் வென்று இறுதிச் சுற்றை அடைந்தது. அங்கே மீண்டும் லேக்கர்ஸ். இம்முறை சேம்பர்லினும் அவர்கள் பக்கம்.

நான்காம் ஆட்டத்தின் கடைசி நொடிகள். லேக்கர்ஸ் 88, பாஸ்டன் 87. பாஸ்டன் கையில் பந்து. அப்போது பயிற்றுநர் ரஸ்ஸல் ஒரு முடிவு எடுத்தார்: ஆட்டக்காரர் ரஸ்ஸலை வெளியே அமர்த்தினார். வளையம் நோக்கி எறிய வல்லவர்களே களத்தில் நிற்கட்டும் என்பது கணக்கு. தோழர்கள் அரணாக நிற்க, சாம் ஜோன்ஸ் கால் சறுக்கியபடியே எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் துள்ளி உள்ளே விழுந்தது. தவறினால் ரஸ்ஸல் பாய்ந்து பிடிப்பார் என்று எண்ணியே உயர்த்தி எறிந்ததாகச் சாம் ஜோன்ஸ் பின்னர்க் கூறினார். ரஸ்ஸல் களத்திலேயே இல்லையென்பது அவருக்கு நினைவில்லை! அவர் வெளியே அமர்ந்திருந்தபோதும் தோழர்கள் அவர் உள்ளே இருப்பதாகவே நம்பி ஆடினர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஏழாம் ஆட்டம் 1969 மே 5 அன்று லேக்கர்ஸின் சொந்த அரங்கில். வெற்றி உறுதியென எண்ணிய அணி உரிமையாளர் ஜாக் கென்ட் குக், விதானத்தில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். வென்றதும் பலூன்கள் விழும், இசைக்குழு வாசிக்கும் என்று நிகழ்ச்சி நிரலும் அச்சிடப்பட்டிருந்தது. அத்தாள் ரஸ்ஸல் கைக்குக் கிடைத்தது. அவர் அதனைத் தம் அணியினருக்கு அறிவித்தார். வேறு ஊக்கவுரை தேவைப்படவில்லை. இறுதி நிமிடங்களில் டான் நெல்சன் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் மோதி நெட்டுயரத்துக்கு எழும்பி நேராக உள்ளே இறங்கியது. பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. ரஸ்ஸல் எடுத்த புள்ளிகள் ஆறு. கைப்பற்றிய ரீபவுண்டுகள் இருபத்தொன்று. 42 புள்ளிகள் குவித்த லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்டுக்கு, தோற்ற அணியிலிருந்தும், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. பலூன்கள் விதானத்திலேயே கிடந்தன.

அந்தக் கோடையில் ஒரு விளையாட்டிதழில் கட்டுரை எழுதித் தம் ஓய்வை அறிவித்துவிட்டு ரஸ்ஸல் போய்விட்டார். அடுத்த பருவத்தில் டாம் ஹெய்ன்சன் பயிற்றுநரானார். ரஸ்ஸலும் சாம் ஜோன்ஸும் இல்லாத அவ்வணியின் கணக்கு: 34 வெற்றி, 48 தோல்வி. முந்திய பருவத்து எண்களைத் தலைகீழாக நிறுத்தியது போல. எண்கள் நம்மோடு விளையாடுகின்றன என்று தோன்றுகிறதல்லவா?

1973இல் சியாட்டில் அணி அவரைப் பயிற்றுநராகவும் மேலாளராகவும் அமர்த்தியது. முந்திய பருவத்தில் 26 வெற்றி, 56 தோல்வி என்று கிடந்த அணி அது. ரஸ்ஸல் வந்த முதலாண்டே 36 வெற்றி, இரண்டாமாண்டு 43. 1967இல் தோன்றிய அவ்வணி பட்டச் சுற்றுக்குள் முதன்முதலாக நுழைந்தது 1975இல், அவர் காலத்தில்தான். டெட்ராய்ட்டை வென்று, பிறகு அவ்வாண்டு பட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட் அணியிடம் தோற்றது. ஆகவே 162-166 என்ற கணக்கைத் தோல்விக் கணக்காக மட்டும் படிப்பது அநீதி. ஆனால் நான்காமாண்டில் 40 வெற்றியோடு அணி மீண்டும் சரிய, அவர் விலகிக்கொண்டார்.

எங்கே பிசகியது? பாஸ்டனில் அவரோடு ஆடியவர்கள் ஆட்டத்தை அவரளவுக்கே நுணுகிப் பேசத் தெரிந்தவர்கள். சொல்லித் தரவேண்டிய தேவையே எழவில்லை. அவர் பின்னால் நிற்கிறார் என்ற துணிவில் ஒவ்வொருவரும் தத்தம் எதிராளியை நெருங்கி மறித்தனர். ஒருவர் ஏமாந்தாலும் ரஸ்ஸல் இருப்பார். அந்த இருப்பே பாடம்; அதுவே தேர்வு; அதுவே தண்டனை. சியாட்டிலில் அந்த இருப்பைச் சொல்லாக மாற்ற வேண்டியிருந்தது. அணிக்காகத் தன் புள்ளிகளை விட்டுக்கொடு என்பதை அவர் விளக்கவே தேவையில்லாத உண்மையாகக் கருதினார். புள்ளிக் கணக்கே ஊதியக் கணக்காக மாறிக்கொண்டிருந்த காலத்து இளைஞர்களுக்கோ அது விளங்கவில்லை. இன்னொன்றும் உண்டு. ரஸ்ஸலுக்குப் பயிற்சி நேரம் என்றாலே கசப்பு. ஆட்டத்துக்கு முன் பதற்றத்தால் வாந்தியெடுக்குமளவுக்கு உடலை வருத்தும் மனிதரைப் பயிற்சியிலும் வருத்த வேண்டாவென ஆவர்பாக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். அவர் அரங்கோரத்தில் அமர்ந்து தேநீர் பருகியதும் உண்டு. பயிற்சியின் அருமையைத் தாமே உணராதவர் பயிற்றுநரானால், மாணாக்கர் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது.

நன்னூலார் ஆசிரியராகாதார்க்குக் கூறும் உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. பழம் தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏறிப் பறிக்க எவரையும் மடல்கள் விடா. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர், நாம் மாணவராயிருந்த காலத்துப் பேராசிரியர் ஒருவர். சங்க நூல்களில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மாணவர் வினாவெழுப்பினால் மட்டும், இதுகூடத் தெரியாதா என்ற ஒரு பார்வைதான் விடை. கெட்டவரல்லர். தெரியாமலிருப்பது எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சியாட்டில் ரஸ்ஸலைப் பற்றிப் படிக்கும்போது அவர் முகம் தோன்றுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. அறைத்தோழர் கே. சி. ஜோன்ஸ் பயிற்றுநராகி 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் அதே பாஸ்டனுக்குப் பட்டம் பெற்றுத் தந்தார். ஹெய்ன்சன் 1974, 1976 ஆண்டுகளில். ஷார்மன் 1972இல், லேக்கர்ஸுக்கு. அந்த மேனாட்டுப் பனையின் கீழே நின்றவர்கள் விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். சியாட்டிலிலும் அவர் நட்டவை பின்னர்க் காய்த்தன. அவர் சென்றபின் வந்த உறவினர் பாப் ஹாப்கின்ஸ் 5 வெற்றி, 17 தோல்வியோடு நீக்கப்பட, லென்னி வில்கென்ஸ் பொறுப்பேற்று 1979இல் அணியைப் பட்டத்துக்கு இட்டுச் சென்றார். அவ்விறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் டென்னிஸ் ஜான்சன், 1976இல் ரஸ்ஸலின் நிருவாகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வில்கென்ஸ் கறுப்பினத்தவர். 1969இல் அதே சியாட்டிலில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இரட்டைப் பொறுப்பேற்றவர். 1970இல் ஆல் ஆட்டில்ஸ் கோல்டன் ஸ்டேட்டின் முன்னோடியான அணிக்குப் பயிற்றுநரானார். 1975 இறுதிச் சுற்றில் எதிரெதிரே அமர்ந்த பயிற்றுநர்கள் ஆட்டில்ஸும் கே. சி. ஜோன்ஸும், இருவரும் கறுப்பினத்தவர். 1966இன் செய்தியாளர் கூட்டத்து வினா ஒன்பது ஆண்டுகளில் அவ்வளவு தூரம் பின்னால் போயிருந்தது. பாஸ்டனில் ரஸ்ஸல் அடுத்தடுத்துத் தோற்றிருந்தால் இக்கதவு இத்துணை விரைவில் திறந்திருக்குமா என்பது ஐயமே. முதலில் நுழைபவரின் தோல்வி அவருடைய தோல்வியாக மட்டும் எண்ணப்படுவதில்லை.

1987இல் சாக்ரமென்டோ அணி அவரை மீண்டும் அழைத்தது. 17 வெற்றி, 41 தோல்வி; பருவம் முடியுமுன்பே பயிற்றுநர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அதைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை.

1975இல் கூடைப்பந்துப் புகழ்மன்றம் ஆட்டக்காரர் என்ற முறையில் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, விழாவுக்கு அவர் செல்லவில்லை. தமக்கு முன் அந்தச் சிறப்புக்குரிய கறுப்பின ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. 1950இல் என்.பி.ஏ. அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆட்டக்காரரான சக் கூப்பர் 2019இல் அம்மன்றத்தில் இடம்பெற்றார். அதன்பிறகே, நாற்பத்து நான்கு ஆண்டுகளாக வாங்காதிருந்த மோதிரத்தை, தனியே, ஆரவாரமின்றி ரஸ்ஸல் பெற்றுக்கொண்டார். 2021இல் அதே மன்றம் அவரைப் பயிற்றுநர் என்ற முறையிலும் சேர்த்துக்கொண்டது. ஆட்டக்காரர், பயிற்றுநர் என இருமுறை அங்கே இடம்பெற்றவர்கள் அவரோடு ஐவர். அவர்களுள் ஷார்மன், ஹெய்ன்சன், ரஸ்ஸல் மூவரும் ஒரே பாஸ்டன் அணியில் ஒன்றாக ஆடியவர்கள்.

2022 ஜூலை 31 அன்று, தம் எண்பத்தெட்டாம் வயதில், சியாட்டிலை ஒட்டிய மெர்சர் தீவில் ரஸ்ஸல் மறைந்தார். அடுத்த சில நாள்களில் என்.பி.ஏ., அவர் அணிந்த ஆறாம் எண்ணை எந்த அணியிலும் இனி எவருக்கும் புதிதாக வழங்குவதில்லை என அறிவித்தது. அப்போது அவ்வெண்ணை அணிந்துகொண்டிருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்று விலக்களிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ். அவரும் 2023-24 பருவத்தில் தம் பழைய எண்ணான இருபத்து மூன்றுக்கு மாறிக்கொண்டார்.